மருத்துவக் கருவி பேக்கிங் லைனுக்கான அலுமினியம் கன்வேயர் சட்டகம்: முழுமையான வழிகாட்டி

வடிகுழாய், ஊசி, எலும்பில் பொருத்தும் திருகு என எந்த மருத்துவக் கருவியாக இருந்தாலும், அது பவுச்சுக்குள் வைக்கப்பட்டு, சீல் இடப்பட்டு, லேபிள் ஒட்டப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் சேரும் வரை அதைச் சுமந்து செல்வது கன்வேயர்தான். கன்வேயரின் பெல்ட்டையும் மோட்டாரையும் தேர்வு செய்ய எல்லோரும் நேரம் ஒதுக்குகிறார்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் சட்டகத்தை மட்டும் கடைசி நேரத்தில் ஒரே வரியில் ஆர்டர் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பிறகு தலைதூக்கும் சிக்கல்களில் பலவற்றுக்கும் வேர் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நீளவாக்கில் பள்ளம் ஓடும் அலுமினியம் புரொஃபைல்களை அளவுக்கு வெட்டி, பள்ளத்துக்குள் டி-நட்டை (பள்ளத்தின் உள்ளே மாட்டிப் பிடிக்கும் நட்டை) நுழைத்து, போல்ட்டும் பிராக்கெட்டும் கொண்டு இணைக்கும் முறையைத்தான் இங்கே மாடுலர் சட்டகம் என்று குறிப்பிடுகிறேன். இதற்கு வெல்டிங் தேவையில்லை, பெயின்ட் தேவையில்லை. ஓர் ஆலன் கீ (அறுகோணத் திருகுச்சாவி) இருந்தால் சென்சாரை நகர்த்தலாம், கன்வேயரை நீட்டலாம், உயரத்தை மாற்றலாம். மருத்துவக் கருவித் துறையில் இந்த வசதியை அனுபவிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. திறந்த பள்ளம் அழுக்கையும் தவறி விழுந்த பொருளையும் மறைத்து வைக்கும் என்பதால் அதை மூட வேண்டும். ஆலன் கீ யார் கையிலும் வேலை செய்யும் என்பதால், தகுதிச் சோதனையில் (படி 7) தேறிய நிலையை யாரும் கேட்காமல் மாற்ற முடியாதபடி காக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கவலைகளைச் சுற்றியே அமைந்துள்ளன.

படி 1: எதை, எங்கே, எவ்வளவு வேகத்தில் கொண்டுபோகிறோம் என்று எழுதுங்கள்

புரொஃபைல் கேட்டலாக்கைத் திறப்பதற்கு முன் தேவை ஆவணத்தை முடித்துவிட வேண்டும். லைனில் ஓடப்போகும் ஒவ்வொரு பவுச், தட்டு, பெட்டி ஆகியவற்றின் நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றை அதில் பட்டியலிடுங்கள். மிகக் கனமானதை மட்டும் கணக்கில் கொள்வது பெரும் பிழை. மிக இலேசான பவுச்தான் பெல்ட் மாறும் இடத்தில் தடுமாறும், காற்று வீச்சில் திரும்பிக்கொள்ளும், தடுப்புக் கம்பிக்கு அடியில் நுழைந்துகொள்ளும்.

வேகக் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 60 பவுச் வருகிறது, ஒவ்வொன்றும் 200 மி.மீ. நீளம், இரண்டுக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி வேண்டும் என்றால், ஒரு பவுச்சுக்கு 300 மி.மீ. பெல்ட் தேவைப்படுகிறது; ஆகவே பெல்ட் நிமிடத்துக்கு 18 மீட்டர் ஓட வேண்டும். லேபிள் ஒட்டும் இடத்திலும் கேமரா பார்க்கும் இடத்திலும் இந்த இடைவெளி மாறக்கூடும் என்பதால், ஒரே நீளமான கன்வேயருக்குப் பதிலாகத் தனித்தனி வேகத்தில் ஓடும் குறும்பகுதிகளாகப் பிரிப்பது நல்லது. மாடுலர் சட்டகம் இதற்கு மிக இயல்பாக இடம் கொடுக்கிறது.

அடுத்து, தளவரைபடத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு போடுங்கள்: பவுச் சீல் ஆகும் இடம். அந்தக் கோட்டுக்கு முன்னால் கருவி திறந்திருக்கிறது. சட்டகத்திலிருந்து எழும் ஒரு துகளும் அதன் மேல் படியலாம். கோட்டுக்குப் பின்னால் கருவி மூடப்பட்டுவிட்டது. அங்கே முதன்மையான கவலை சீல் சேதமடையாமல் இருப்பதும் லேபிள் கலந்துவிடாமல் இருப்பதும்தான். இரண்டு பகுதிகளுக்கும் ஒரே விவரக்குறிப்பை எழுதினால், ஒன்றில் தேவையற்ற செலவும் மற்றொன்றில் தேவையான பாதுகாப்புக் குறைவும் ஏற்படும்.

அறையின் தூய்மை வகுப்பையும் எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. 14644-1 தரத்தின்படி, 7ஆம் வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,52,000 வரை இருக்கலாம். 8ஆம் வகுப்பில் இது பத்து மடங்கு, அதாவது 35,20,000. அறை காலியாக இருக்கும் நிலை, இயந்திரம் பொருத்தி ஆளில்லாத நிலை, வேலை நடக்கும் நிலை ஆகிய மூன்றில் எந்த நிலைக்கு இந்த எண் கேட்கப்படுகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். கன்வேயர் ஓடும்போது எழும் துகள்கள் கடைசி நிலையில்தான் வெளிப்படும்.

இந்த ஆவணத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று, துப்புரவுக்குப் பயன்படுத்தும் திரவங்களின் பட்டியல். அலுமினியம் சரியான தேர்வா என்பதை அந்தப் பட்டியலே முடிவு செய்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வழக்கமோ, காரக் கரைசல் கொண்டு தேய்க்கும் வழக்கமோ இருந்தால் அலுமினியத்தை விட்டுவிட்டு, வெல்டிங் செய்த துருப்பிடிக்காத எஃகுச் சட்டகத்துக்குப் போய்விடுங்கள். ஈரத் துணியால் துடைக்கும் உலர்வான பேக்கிங் அறைக்குத்தான் மாடுலர் அலுமினியம் பொருந்தும். நல்லவேளையாக, மருத்துவக் கருவி பேக்கிங் அறைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

படி 2: புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள்

சந்தையில் கிடைக்கும் புரொஃபைல்கள் பெரும்பாலும் 6063 போன்ற 6000 வரிசைக் கலவைகளால் ஆனவை. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு 7.85, ஆகவே எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விறைப்பும் அதேபோல் மூன்றில் ஒரு பங்குதான்: அலுமினியத்தின் மீள்தன்மைக் குணகம் 70 ஜிகாபாஸ்கலை ஒட்டியது, எஃகுக்கு 200க்கு மேல். இன்னும் வலுவான கலவையை வாங்கினால் வளைவு குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். அது நடக்காது, எல்லா அலுமினியக் கலவைகளுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. வளைவைக் குறைக்க வேண்டுமானால் குறுக்குவெட்டைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கால்களை நெருக்கமாக வைக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பக்கச் சட்டம் ஒன்றின் மேல் மீட்டருக்கு 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ, சீராகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். 40×80 மி.மீ. புரொஃபைலை 80 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்குமாறு வைத்தால், அதன் பரப்பு நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) 60 செ.மீ.⁴ என்று எடுத்துக்கொள்ளலாம்; சரியான எண்ணை நீங்கள் வாங்கும் வகையின் அட்டவணையில் பாருங்கள். கால்களுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால், வழக்கமான சூத்திரப்படி நடுவில் ஏற்படும் தொய்வு ஏறக்குறைய 1 மி.மீ. கால்களை 3 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் அது 5 மி.மீ. ஆகிவிடும், ஏனெனில் தொய்வு இடைவெளியின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அதே புரொஃபைலைப் படுக்கையாக வைத்தால் விறைப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும். ஒரு ஜோடிக் கால்களை மிச்சப்படுத்தப் போய் லேபிள் தலைக்கும் பவுச்சுக்கும் இடையிலான தூரத்தை மாறவிடுவது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. சாதாரணப் பகுதிகளில் இடைவெளியை 500ஆல் வகுத்து வரும் அளவுக்குள்ளும், லேபிள், அச்சு, கேமரா நிலையங்களின் கீழே 1000ஆல் வகுத்து வரும் அளவுக்குள்ளும் தொய்வு இருக்குமாறு நான் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு தொழிற்கூடத்தில் ஒரே புரொஃபைல் தொடரைப் பயன்படுத்துங்கள். 40 தொடரின் 8 மி.மீ. பள்ளமும், 45 தொடரின் 10 மி.மீ. பள்ளமும் பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் நட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. பள்ள அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஒரு தயாரிப்பாளரின் நட் மற்றவருடைய பள்ளத்தில் அரைகுறையாகப் பிடித்து, இறுகிவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும்.

நான்கு பக்கமும் பள்ளம் உள்ள புரொஃபைலைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். ஒரு பக்கம், இரு பக்கம், மூன்று பக்கம் வழுவழுப்பாக மூடப்பட்டு வரும் வகைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கத்தில் எதுவும் பொருத்தப் போவதில்லையோ, அந்தப் பக்கத்தில் பள்ளம் இருக்கவே கூடாது.

படி 3: பள்ளங்களையும் பரப்புகளையும் மூடுங்கள்

இந்த வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு தொழிற்கூடத்தில் ஒரு பேட்ச் (ஒரே தயாரிப்புத் தொகுதி) முடிந்து, லைனைக் காலிசெய்து, லேபிள் கணக்குப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. குப்பைத் தொட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள், பெல்ட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், பெட்டிகளைத் திறந்து மறுபடி எண்ணினார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, லேபிள் இயந்திரத்துக்கு நேர் கீழே, பக்கச் சட்டத்தின் உள்புறப் பள்ளத்துக்குள் அது நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்ததைக் கண்டோம். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. டார்ச் விளக்கைப் புரொஃபைலோடு ஒட்டினாற்போல் நீளவாக்கில் பிடித்தபோதுதான் நூல் அளவு வெள்ளை விளிம்பு கண்ணில் பட்டது. அன்று அது கிடைக்காமல், அடுத்த பேட்ச் ஓடும்போது அதிர்வில் வெளியே வந்து ஒரு பவுச்சின் மேல் ஒட்டியிருந்தால், தவறான லாட் எண்ணோடு (தயாரிப்புத் தொகுதியின் அடையாள எண்) ஒரு கருவி அறுவைச் சிகிச்சை அறைக்குப் போயிருக்கும். 8 மி.மீ. பள்ளம் என்பது சிறிய விஷயமே அல்ல.

எனவே, வரைபடம் தயாரானதும் அதில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் மூன்று நிறங்களில் ஒன்றால் குறியுங்கள்: பொருத்துவதற்குப் பயன்படுவது, மூடியோடு வாங்கியது, மூடிப் பட்டை போட வேண்டியது. நிறம் இல்லாத பள்ளம் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மூடிப் பட்டைகள் பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கின்றன. பட்டையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடாமல், இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவே ஒரே நீளமாக அழுத்தி, முனை இடைவெளி இல்லாமல் முடியுங்கள். நடுவில் விட்ட 5 மி.மீ. இடைவெளி, மூடாத பள்ளத்தைவிட மோசமானது. உள்ளே போனதை வெளியே எடுக்கப் பட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

புரொஃபைலை அறுத்த முனை வெறும் உலோகம். அனோடைஸ் படலம் (அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் உருவாக்கும் காப்புப் படலம்) அறுப்பதற்கு முன் உருவானது என்பதால், வெட்டிய முகத்தில் அது இருக்காது. காலப்போக்கில் அங்கே சாம்பல் நிறப் பொடி படிந்து கையுறையில் ஒட்டும். எல்லா முனைகளுக்கும் மூடி போடுங்கள். கால்களின் அடிமுனையும் இதில் அடங்கும். குனிந்து பார்க்காத காரணத்தால் அது மட்டும் விட்டுப்போவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

படுக்கையான பரப்புகளைக் குறையுங்கள். கேபிள் தட்டு, சென்சார் பிராக்கெட், மோட்டாரின் மேல்பகுதி ஆகிய எல்லாம் தூசி உட்கார இடம் கொடுக்கின்றன. சீல் கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியில், திறந்த கருவிக்கு மேலே எந்தப் பொருத்தமும் வரக் கூடாது. சென்சார்களைப் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்க்கச் செய்யலாம். பள்ளத்துக்குள் கேபிளை ஓட்டி மூடி போடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கேபிளின் பக்கவாட்டில் எதையும் துடைக்க முடியாது. கேபிள்களைச் சட்டகத்துக்குக் கீழே, துடைக்க வசதியான மூடிய குழாயில் கொண்டுபோவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

துப்புரவுத் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அனோடைஸ் பரப்பை ஒன்றும் செய்யாது. சோடியம் ஹைப்போகுளோரைட்டில் உள்ள குளோரைடு நாளடைவில் குழிக்குழியாக அரிக்கும். வலுவான காரமும் வலுவான அமிலமும் படலத்தையே கரைத்துவிடும். வித்துக்கொல்லித் திரவம் (நுண்ணுயிர் வித்துகளையும் கொல்லும் கிருமிநாசினி) கட்டாயம் என்றால், வாங்கப்போகும் அதே புரொஃபைலின் துண்டு ஒன்றை அந்தத் திரவத்தில் பல வாரம் துடைத்துச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பாதுகாப்புக் கதவுகளுக்கு அக்ரிலிக் தகடு வேண்டாம். ஆல்கஹால் பட்டுப்பட்டு அதில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். பாலிகார்பனேட் இதைத் தாங்கும்.

படி 4: பெல்ட், டிரைவ், பெல்ட் மாறும் இடம்

பெல்ட் தேர்வு தனிக் கட்டுரைக்கு உரியது. சட்டகத்தைப் பாதிப்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். கண்ணிகளால் ஆன பிளாஸ்டிக் பெல்ட் உறுதியானது, ஆனால் கண்ணிகளும் ஊசிகளும் உரசித் துகள்களை உதிர்க்கும், மூட்டுகளுக்குள் அழுக்குத் தங்கும். திறந்த கருவி போகும் பகுதிக்குத் தட்டையான பாலியுரேத்தேன் பெல்ட்டே பொருத்தம். சீல் ஆகிப் பெட்டிக்குள் போன பிறகு ரோலர் கன்வேயரும் போதும். பெட்டிக்குக் கீழே எந்த நேரமும் மூன்று ரோலர்களாவது இருக்குமாறு இடைவெளியை வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டையான பெல்ட்டுக்கு வரும் பெரிய தொல்லை, ஒரு பக்கமாக ஓடி விளிம்பு உரசுவது. விளிம்பு உரசினால் பொடி உதிரும். இதற்குச் சட்டகம் சதுரமாக இல்லாததே பெரும்பாலும் காரணம். பெல்ட் இழுவைத் திருகைத் திருகித் திருகி அதைச் சமாளிப்பது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகும்.

மோட்டாரும் கியர்பாக்ஸும் பெல்ட் பரப்புக்குக் கீழே இருக்கட்டும். பியரிங்குகள் ஆயுள் முழுவதுக்கும் கிரீஸ் அடைக்கப்பட்ட மூடிய வகையாக இருக்கட்டும். மோட்டாரின் விசிறி, தரையில் கிடக்கும் தூசியைக் கிளப்பி மேல்நோக்கி வீசும் என்பதால், திறந்த பகுதியில் விசிறியில்லாத மோட்டாரையோ டிரம்முக்குள்ளேயே மோட்டார் அமைந்த ரோலரையோ யோசியுங்கள்.

பெல்ட்டிலிருந்து பெல்ட்டுக்கு மாறும் இடத்தில் தனிக் கவனம் வேண்டும். சீலரிலிருந்து வெளிவரும் பவுச்சின் சீல் இன்னும் சூடாக இருக்கிறது. அந்த நிலையில் அதை வளைத்தால் ஒட்டுப்பகுதி பிரிந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வாய்க்கால் உருவாகலாம். முதல் பெல்ட் மாற்றத்துக்கு முன் சீல் ஆறும் அளவுக்கு நேரான, தட்டையான தூரம் வேண்டும். மாறும் இடத்தில் சிறு விட்டமுள்ள முனை உருளைகளைப் போட்டு இடைவெளியைக் குறையுங்கள். இரண்டு பெல்ட்டின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும், அல்லது பெறும் பெல்ட் மயிரிழை தாழ்ந்திருக்கட்டும். அது உயர்ந்திருந்தால் பவுச்சின் முன்விளிம்பு இடித்து மடங்கும், அந்த விளிம்பில்தான் சீல் இருக்கிறது.

படி 5: சேர்த்தல்

அறுக்கும் வேலையும் துளையிடும் வேலையும் தூய்மை அறைக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். அறுத்த முகங்களில் உள்ள பிசிறை நீக்கி, பள்ளங்களுக்குள் கிடக்கும் உலோகத் துருவலைக் காற்றால் வெளியேற்றி, மென்மையான சோப்புக் கரைசலால் துடைத்து, ஆல்கஹால் தடவி உலர்த்தி, பாலித்தீன் உறையிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். பள்ளத்தின் உள்மூலையில் ஒட்டிய துருவல் காற்றுக்கு அசையாது. நைலான் தூரிகையை நீளவாக்கில் ஓட்டினால்தான் வெளிவரும்.

முதலில் இரண்டு பக்கச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் தளர்வாகச் சேர்த்து, சமதளமான மேடையில் வையுங்கள். பிறகு மூலைவிட்டங்களை அளங்கள். ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிட 1 மி.மீ. முன்னே தள்ளியிருந்தால், நீளமான குறுகிய சட்டகத்தில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் ஏறக்குறைய 2 மி.மீ. வித்தியாசம் தெரியும், பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டும் இந்த அளவீட்டை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்த பின்பே இறுக்கத் தொடங்க வேண்டும்.

இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் திருப்புவிசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. நட்டின் வகையைப் பொறுத்து மாறும் என்பதால் தயாரிப்பாளரின் அட்டவணையையே பின்பற்றுங்கள். சுழற்றிப் போடும் டி-நட் பள்ளத்துக்குள் முழுதாகத் திரும்பிக் குறுக்காக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். பாதி திரும்பிய நட்டும் டார்க் அளவைக் காட்டிவிடும், ஆனால் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். இந்த மூட்டுகள் உராய்வினால் பிடித்து நிற்பவை என்பதையும் மறக்கக் கூடாது. மோட்டார், சீலர் போன்ற எடை தொங்கும் இடங்களில் போல்ட்டின் பிடியை மட்டும் நம்பாமல், சுமை உலோகத்தின் மேல் உட்காருமாறு பிராக்கெட்டை அடியில் கொடுங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். பின்னாளில் யாராவது திருப்பியிருந்தால் கோடு உடைந்திருக்கும். ஆல்கஹாலில் அழியாத மையைத் தேர்வு செய்யுங்கள்.

மட்டம் பார்ப்பது அடுத்தது. கால்களின் அடியில் உள்ள திருகுப் பாதங்களைக் கொண்டு, கன்வேயரின் நீளத்திலும் குறுக்கிலும் மட்டத்தைச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். வெளித்தெரியும் திருகுமரையை உறையிட்டு மூடுவது நல்லது. நின்று வேலை செய்பவர்களுக்குப் பெல்ட் உயரம் 900 முதல் 1000 மி.மீ. வரை வசதியாக இருக்கும். நீளமான லைனை இரு முனைகளிலும் தரையோடு இறுகப் பிணைத்துவிடாதீர்கள். 10 மீட்டர் அலுமினியம், வெப்பநிலை 10 டிகிரி மாறினால் சுமார் 2.3 மி.மீ. நீளும். ஒரு முனையைப் பிணைத்து, மற்றதை நகர விடுங்கள்.

எர்த்திங் பற்றிப் பலர் ஏமாறும் ஒரு விவரம் உண்டு. உலோகச் சட்டகம் முழுவதும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மின்தொடர்ச்சி தானாக இருக்கும் என்று நினைக்கிறோம். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. படலத்தைத் துளைத்துப் பிடிக்கும் பல் வாஷரோ, முள் உள்ள நட்டோ, தனி எர்த் வயரோ இல்லாமல் ஒரு பகுதியை எர்த் ஆனதாகக் கருதக் கூடாது, ஐ.இ.சி. 60204-1 தரம் சொல்லும் பாதுகாப்பு இணைப்புச் சோதனையை ஒவ்வொரு பகுதியிலும் அளந்து எழுதுங்கள். உயிர்ப் பாதுகாப்பு இதில் முதன்மையானது. அதோடு, பிளாஸ்டிக் பவுச்சும் பாலியுரேத்தேன் பெல்ட்டும் உரசுவதால் எழும் நிலைமின்சாரம் காற்றிலுள்ள துகள்களை இழுத்துப் பவுச்சில் ஒட்டவைக்கும். நிலைமின் கடத்தும் பெல்ட், எர்த் செய்த ரோலர், சீலருக்கு முன் அயனியாக்கும் கம்பி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது அடங்கும்.

படி 6: தடுப்புக் கம்பிகளும் பாதுகாப்புக் கதவுகளும்

அளவு மாற்றும்போது நகர்த்த வேண்டிய தடுப்புக் கம்பிகளுக்கு மட்டும் கைப்பிடித் திருகு கொடுங்கள். அதிலும் அளவுகோலோ எண் காட்டும் குமிழோ இருக்க வேண்டும், ஒவ்வொரு தயாரிப்புக்கும் உரிய எண் பேட்ச் ஆவணத்தில் அச்சாகியிருக்க வேண்டும். நகர்த்தத் தேவையில்லாத மற்ற எல்லாவற்றுக்கும் கருவி இல்லாமல் திறக்க முடியாத போல்ட் போதும்.

நிலையான பாதுகாப்பு மறைப்புகளின் திருகுகள், மறைப்பைக் கழற்றிய பிறகும் அதிலேயே தங்கும் வகையாக இருக்கட்டும். கழன்று கையில் வரும் ஒரு திருகு, பவுச்சுக்குள் விழக்கூடிய ஒரு திருகு. கை நுழையும் இடைவெளிகளை ஐ.எஸ்.ஓ. 13857 தரும் தூரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: தகுதிச் சோதனை

மலட்டு நிலையில் வழங்கப்படும் கருவிகளின் பொதியிடலுக்கான ஐ.எஸ்.ஓ. 11607-2 தரம், நிறுவல் தகுதி, இயக்கத் தகுதி, செயல்திறன் தகுதி என்று மூன்று கட்டங்களாகச் சரிபார்க்கச் சொல்கிறது. சீலருக்கு இதை எல்லோரும் செய்கிறார்கள். கன்வேயர் சீல் போடுவதில்லை என்ற காரணத்தால் அதை விட்டுவிடுகிறார்கள். சீலைப் போடாவிட்டாலும் கெடுக்கும் வல்லமை கன்வேயருக்கு உண்டு.

நிறுவல் தகுதியில் சட்டகத்துக்கென்று இருக்க வேண்டியவை: புரொஃபைல், நட், பிராக்கெட் ஆகியவற்றின் எண்களோடு கூடிய பட்டியல், கட்டிய நிலையிலான வரைபடம், மூலைவிட்ட அளவுகள், மட்ட அளவுகள், டார்க் பதிவு, எர்த் இணைப்பு அளவுகள், நிறம் தீட்டிய பள்ள வரைபடம். நான்கு பக்கமும் புகைப்படங்கள் எடுத்து இதோடு சேருங்கள். பின்னாளில் எது மாறியிருக்கிறது என்று காட்டுவதில் அவற்றுக்கு இணையில்லை.

இயக்கத் தகுதியில், மிகக் குறைந்த வேகம், மிக அதிக வேகம், மிகச் சிறிய பவுச், மிகப் பெரிய பவுச் என்று விளிம்புகளில் ஓட்டிப் பாருங்கள். அவசர நிறுத்தத்தை அழுத்தி, மறுபடி ஓட்டும்போது பவுச்கள் எங்கே நிற்கின்றன, சூடான சீல் ஏதேனும் பெல்ட் மாறும் இடத்து முனை உருளையின் மேல் வளைந்த நிலையில் நின்றுவிட்டதா என்று கவனியுங்கள். அப்படி நிற்கும் பவுச்களைத் தள்ளுபடி செய்யும் விதியைக் கட்டுப்பாட்டு நிரலிலேயே எழுதிவிட வேண்டும். துகள் எண்ணியைப் பெல்ட் உயரத்தில் வைத்து, கன்வேயர் நின்றபோதும் ஓடியபோதும் அளந்து ஒப்பிடுங்கள். இயந்திரம் தூய்மை அறைக்குப் பொருந்துமா என்று காற்றிலுள்ள துகள்களைக் கொண்டு மதிப்பிடும் முறையை ஐ.எஸ்.ஓ. 14644-14 விவரிக்கிறது.

செயல்திறன் தகுதியில் நான் வலியுறுத்தும் ஒப்பீடு ஒன்று உண்டு. சீலரின் வாயிலிலிருந்தே கையால் எடுத்த பவுச்கள் ஒரு தொகுதி, கன்வேயர் முழுவதையும் கடந்து வந்த பவுச்கள் இன்னொரு தொகுதி. இரண்டையும் ஏ.எஸ்.டி.எம். எஃப் 88 முறையில் சீல் வலிமைக்கும், ஒரு பக்கம் காற்றுபுகும் தாள் உள்ள பவுச்களாக இருந்தால் எஃப் 1929 சாய ஊடுருவல் முறையில் வாய்க்கால்களுக்கும் சோதியுங்கள். எஃப் 1929 முறை 50 மைக்ரான் அளவுள்ள வாய்க்காலையும் காட்டிக்கொடுக்கும். முதல் தொகுதி நன்றாக இருந்து இரண்டாவதில் குறை தெரிந்தால், சீலரின் வெப்பத்தைக் கூட்ட ஓடாதீர்கள். பெல்ட் மாறும் இடத்துக்குப் போய் முழங்காலிட்டு, பவுச் கடப்பதைக் கண்மட்டத்தில் பாருங்கள்.

படி 8: மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு

லைன் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் பவுச் சற்றுச் சாய்ந்து போகும். இரவு வேலையில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு ஆலன் கீயை எடுத்து, சென்சார் பிராக்கெட்டை 3 மி.மீ. நகர்த்துவார். பவுச் நேராகிவிடும். ஆனால் கேமரா இப்போது கருவியின் தனித்த அடையாளக் குறியீட்டின் கடைசி இலக்கத்தை விளிம்பில் படிக்கிறது, நிராகரிப்புக் கூடுகிறது, காரணம் யாருக்கும் தெரியவில்லை. தவறு அந்த ஊழியருடையது அல்ல; எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே மூன்று வகைகளை எழுதி லைனிலேயே ஒட்டுங்கள். குமிழ் உள்ளவற்றை, ஆவணத்தில் உள்ள எண்ணுக்கு இயக்குபவரே மாற்றலாம். தேய்ந்த பாகத்தை அதே எண்ணுள்ள பாகத்தால் மாற்றுவதையும், தளர்ந்த போல்ட்டை அதே நிலையில் இறுக்குவதையும் பராமரிப்புப் பிரிவு செய்து பதிவிடலாம். உயரம், இடைவெளி, சென்சார் இருக்குமிடம், பெல்ட் வகை, துப்புரவுத் திரவம் ஆகியவற்றில் எது மாறினாலும் ஐ.எஸ்.ஓ. 13485 கேட்கும் மாற்றக் கட்டுப்பாட்டின் வழியாக, தரப் பிரிவின் ஒப்புதலோடு, தேவையான மறுசோதனையோடுதான் மாற வேண்டும். ஆலன் கீ தொகுப்பு லைனில் தொங்க வேண்டியதில்லை. எண்ணிட்டுப் பராமரிப்புப் பெட்டியில் இருக்கட்டும்.

பராமரிப்பு அட்டவணை நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பேட்ச் முடிவிலும் டார்ச்சை நீளவாக்கில் பிடித்துப் பள்ளங்களையும் மூடிப் பட்டைகளையும் பாருங்கள். வாரம் ஒரு முறை பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். முதல் சில வாரங்கள் ஓடி அதிர்வுகள் அடங்கிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை மூலைவிட்டம், மட்டம், எர்த் இணைப்பு ஆகியவற்றை மீண்டும் அளந்து, நிறுவல் தகுதியில் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பெல்ட் விளிம்பின் கீழே, பக்கச் சட்டத்தின் மேல் வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்து, துணியைப் பதிவேட்டோடு வைத்து ஒப்பிடுவதும் நல்ல பழக்கம். சென்ற மாதத் துணியைவிட இந்த மாதத் துணி கருத்திருந்தால், பெல்ட் எங்கோ உரசத் தொடங்கிவிட்டது.